காயில்காரர் பச்சைமுத்துவின் கிணறுகள்

விழுப்புரம் திருச்சி ரோட்டில் பச்சைமுத்துவுக்கு ஒரு கடை இருந்தது. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுத் தாமிரக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். பெயரைச் சொன்னால் தெரியாது என்பவர்கள்கூட, காயில்காரர் என்றால் தலையாட்டுவார்கள்.

ஆனால் கடையில் நடப்பது பாதித் தொழில்தான். மீதிப் பாதி கிணற்றுக்குள். இந்தப் பக்கத்தில் மோட்டார் மேட்டில் இருக்காது. மழை ஏமாற்ற ஏமாற்றத் தண்ணீர் கீழே போகும். தண்ணீரின் பின்னாலேயே மோட்டாரும் இறங்கும். சுவரில் மேடை வெட்டி அதில் மோட்டாரை உட்கார வைத்திருப்பார்கள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லில் கால் வைத்து, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்கித்தான் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும். கிணற்றில் இறங்காதவனிடம் எந்தக் குடியானவனும் மோட்டாரைத் தர மாட்டான். கழற்றுகிறவன் எவனோ, அவன் கடைக்குத்தான் மோட்டார் போகும்.

பச்சைமுத்து கெடாரில் பிறந்தவர். இருந்த கொஞ்சம் நிலத்தை அண்ணன் சீனுவாசன் பார்த்துக்கொண்டார். தம்பி எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் விழுந்து, பாண்டிச்சேரியில் ஒரு கடையில் காயில் கட்டக் கற்றுக்கொண்டு வந்தார். அஞ்சம்மாளைக் கட்டினார். இரண்டு பெண் பிள்ளைகள். சீட்டாட மாட்டார், குடிக்க மாட்டார், பீடி மட்டும் உண்டு. அவரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவரும் சேர்த்து.

அது முதல் தடவை வந்தது மண்டகப்பட்டில், ஒரு சித்திரை மாதம். சின்னக்கண்ணு என்பவரின் கிணறு. இறங்கி, மேடையில் குந்தி, கப்ளிங் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. விஷக்காற்று என்று நினைத்தார். ஆனால் மேடையில் வைத்திருந்த பீடி அணையாமல் நிம்மதியாகப் புகைந்துகொண்டிருந்தது. நகம் பெயர ஏறி வந்து வரப்பில் மல்லாந்தார்.

"வெயிலு, மேஸ்திரி. பித்தம் ஏறிடுச்சு" என்று சின்னக்கண்ணு மோர் கொடுத்தார்.

அந்தப் பித்தம் ஆடியிலும் வந்தது. ஐப்பசி அடைமழையிலும் வந்தது. கொஞ்ச நாளில் கிணற்றை நினைத்தாலே வந்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டர் ஊசி போட்டார். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார்கள். "இதயம் குதிரை மாதிரி ஓடுது. உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றார்கள். ஒன்றும் இல்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் ஒன்றும் இல்லாததை எப்படிக் குணப்படுத்துவது? ஒரு கட்டி என்று சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? பயம் என்று சொல்ல வேண்டும். கிணற்று வேலை செய்கிறவன் கிணற்றைக் கண்டால் பயம் என்பதை எந்த வாயால் சொல்வது?

சமாளிக்க மண்ணாங்கட்டி இருந்தான். அஞ்சம்மாளின் தம்பி. கடையில் கூட இருந்து தொழில் கற்றவன். இறங்குகிற வேலையெல்லாம் மெல்ல அவன் தலைக்குப் போயிற்று. வெளியே, "மாமாவுக்கு முட்டி வலி" என்று சொல்லிவைத்தான். கடைக்குள் ஆள் இல்லாத நேரத்தில் வேறு பாட்டு.

"நீ மேலயே குந்திக்கினு பில்லு போடு மாமா. உனுக்கு எதுக்குக் கெணறு? குளுரும், நனைஞ்சிடுவ."

"வாய மூட்றா. முட்டி சரியாவட்டும்."

"முட்டியா? எனக்கே கதை வுடுறியா? அந்த முட்டிக் கதைய வுட்டதே நான்தான்."

ஆவணியில் ஒரு நாள் மண்ணாங்கட்டி, தை பிறந்தால் செஞ்சியில் தனிக்கடை போடப் போவதாகச் சொன்னான். வயசுப்பிள்ளை, தனியாக வளரத்தான் பார்ப்பான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சைமுத்து வார்னிஷ் டின்னைத் திறந்தபடியே, "பேஷா போடு" என்றார். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. தைக்குள் அவர் கிணற்றில் இறங்க வேண்டும். இல்லையென்றால் கடையை மூட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

செஞ்சிக்கு அந்தாண்டை ஒரு குறிகாரம்மா இருந்தார். அங்கேயும் போய்வந்தார். அங்கே ஒரு சட்டம் உண்டு. போனவன் வாயைத் திறக்கக் கூடாது. வெற்றிலை பாக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். வந்தவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அருளுக்கு என்ன மவுசு? குறிகாரம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணியில ஒரு கண்டம்" என்றார். பச்சைமுத்துவுக்குச் சிலிர்த்துப்போயிற்று. கயிறு கட்டிக்கொண்டு வந்தார். கயிறு கையிலேயே இருந்தது. பயமும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் கடைசி முறை பார்த்த சின்ன வயசு டாக்டர்தான் அந்தத் திண்டிவனம் ஆளைப் பற்றிச் சொன்னார். மாதா கோயிலை ஒட்டிய ஒரு டிஸ்பென்சரியில், வியாழக்கிழமை ஒருத்தர் உட்காருவார். மருந்து தர மாட்டார், ஊசி போட மாட்டார், காசும் வாங்க மாட்டார். "மனசுல கஷ்டம் இருக்கிறவங்ககூடப் பேசுவார். நீங்க ஒண்ணும் பைத்தியம் இல்ல, பயப்படாதீங்க. போய் உக்காருங்க, உங்களுக்கு என்னன்னு தெரிஞ்சிடும்."

திண்டிவனம் என்பது வசதியாக இருந்தது. விழுப்புரத்தில் என்றால் டீக்கடையிலேயே நாலு பேர் பார்ப்பார்கள். ஒரு மில் மோட்டாரைப் பார்க்கப் போவதாக அஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

பழைய பெஞ்சுகளை அடுக்கிவைத்த அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. உட்கார்ந்திருந்தவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பெயர் ராயப்பன். மெட்ராஸில் சமூகப்பணிப் படிப்பு முடித்துவிட்டு வந்தவர். பச்சைமுத்து பையிலிருந்து வெற்றிலை பாக்கும் எலுமிச்சம்பழமும் எடுத்து மேஜையில் வைத்தார். ராயப்பன் பழத்தைப் பார்த்தார். அதை என்ன செய்வதென்று அவர் படித்த படிப்பில் இல்லை.

"சொல்லுங்கண்ணே" என்றார்.

நீதானே சொல்லணும் என்று பச்சைமுத்து மனதுக்குள் நினைத்தார். வாய் திறக்கவில்லை. ராயப்பனும் திறக்கவில்லை. வந்தவரை அவசரப்படுத்தக் கூடாது, அவராகப் பேசும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஒருத்தர் அருளுக்குக் காத்திருந்தார். இன்னொருத்தர் பேச்சுக்குக் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆரணி பஸ் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. நேரம் முடிந்ததும் "அடுத்த வியாழக்கிழமை வாங்கண்ணே" என்றார் ராயப்பன். பெரிய குறியென்றால் ஒரு நடையில் விழாது என்று நினைத்துக்கொண்டு பச்சைமுத்து திரும்பினார். அடுத்த வாரமும் இதே கதைதான்.

மூன்றாவது வாரம் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார் இது, பேஜாராப் போச்சு. நானும் பஸ்ஸு ஏறி வந்து குந்திக்கினு குந்திக்கினு போறேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன்றீங்களே!"

"நான் என்னண்ணே சொல்லணும்?"

"எனக்கு இன்னா கீதுன்னு."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

பச்சைமுத்து அவரை உற்றுப்பார்த்தார். "அப்ப உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியாதுண்ணே. நீங்க சொன்னாத்தான் தெரியும். போன ரெண்டு வாரமும் நீங்க பேசலன்னதும், எனக்குத்தான் இந்த வேலை வரலையோன்னு நெனச்சு ராத்திரி தூங்கல."

முதலில் சிரித்தது பச்சைமுத்துதான். சிரித்த கையோடு, பேச்சுக்குப் பேச்சாக, "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"முகையூர்."

"முகையூரா! அங்க எனக்குத் தெரியாத கெணறே கிடையாது. எந்தக் கெணத்து வூடு?"

"எங்களுக்குக் கெணறு இல்லண்ணே" என்றார் ராயப்பன்.

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பதிலில் தெரு, அப்பா, அப்பாவின் கூலி எல்லாம் வந்துவிட்டன. பச்சைமுத்து சிரித்த வாயை மூடினார். டிஸ்பென்சரி ஆயா கொண்டுவந்து வைத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, வேலை இருப்பதாகக் கிளம்பினார்.

அடுத்த வியாழக்கிழமை போகவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் சொல்லாததை அந்தத் தெருப் பையனிடம் போய்ச் சொல்வதா என்று நினைத்தார். காயில் சுற்றிக்கொண்டே நினைத்தார், சாப்பிடும்போதும் நினைத்தார். நினைக்க நினைக்க வேறொன்று தட்டுப்பட்டது. அவனிடம் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? அவன் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வர மாட்டான். நம் ஜனம் கூடுகிற இடத்தில் அவன் உட்கார மாட்டான். அவனிடம் போட்டது கிணற்றில் போட்ட கல்தான். இது நல்ல காரணம் இல்லை. ஆனால் அந்த அறைக்கு அவரைத் திரும்பக் கொண்டுவந்தது இந்தக் காரணம்தான்.

வந்தவருக்கு இன்னொரு சிக்கல். இத்தனை நாள் 'நீங்க' என்றவரை இனி எப்படிக் கூப்பிடுவது? 'நீ' என்று சொல்ல நாக்கு எழுந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்து அது அடங்கியது. அன்றைக்கு முழுக்க நீயும் இல்லாமல், நீங்களும் இல்லாமல், சுற்றி வளைத்துப் பேசினார். ராயப்பனுக்கு அது புரியாமலா இருக்கும்? கண்டுகொள்ளாதவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

மண்டகப்பட்டைச் சொன்னார். நெஞ்சு, விரல், மூச்சு எல்லாம் சொன்னார்.

"அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சுண்ணே?"

"செத்துடுவேன்னு ஓடுச்சு. வேற இன்னா ஓடும்?"

"செத்தா என்ன ஆகும்னு?"

"செத்தப்புறம் இன்னா ஆவும்? கேள்வியப் பாரு!" என்றார் பச்சைமுத்து. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மேல நாலு பேரு நின்னுக்கினு எட்டிப் பாப்பான். ஒருத்தனும் எறங்க மாட்டான்."

அப்படி ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். கெடாரில் தூர் வார இறங்கிய தாண்டவராயன் விஷக்காற்றில் மாட்டிக்கொண்டான். ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பச்சைமுத்துவும் எட்டிப் பார்த்தார். கீழே இருந்தவன் மேலே பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் பார்வையில் அசைவு இல்லை.

"கடைசீல எறங்கித் தூக்குனது உங்க ஜனங்கதான்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றைக்கு முதல் முறையாக 'உங்க' வந்தது, அது வந்த இடம் இது.

ராயப்பன் மேஜையைப் பார்த்தார். "எங்கப்பாவும் பொணம் தூக்க எறங்கியிருக்கார். எங்க ஊர்ல. குடிச்சிட்டுத்தான் எறங்குவார்."

"பயத்துக்கா?"

"நாத்தத்துக்குன்னு சொல்வார். பயமாவும் இருந்திருக்கும். நான் கேட்டதில்ல."

இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். முதல் வாரங்களில் இருந்த சும்மா இல்லை இது.

அதற்குப் பிறகு பேச்சு ஓடியது. இந்தப் பயம் உயிரை எடுக்காது, காய்ச்சல் மாதிரி ஏறும், ஏறினால் தானாக இறங்கும் என்று ராயப்பன் சொன்னார். ஏறுகிற நேரத்தில் ஓடிவந்துவிட்டால், அது இறங்குவதைப் பார்க்க முடியாமலே போகிறது. அடுத்த தடவை ஓடாமல் அப்படியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். முதலில் மேல் படியில். பழகிய பிறகு அடுத்த படியில். தெரிந்த கிணறாக இருந்தால் நல்லது.

பச்சைமுத்துவுக்குத் தெரிந்த கிணறு அண்ணன் கிணறுதான். கார்த்திகையில் ஒரு நாள் காலை கெடாருக்குப் போனார். வீட்டுக்குப் போனால் எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். நேராக வயலோரக் கொல்லைக்குப் போய், சட்டையைக் கழற்றி மரத்தில் மாட்டி, செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, இரண்டாவது படியில் உட்கார்ந்தார். பயம் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை விட்டார்.

மாட்டுக்குப் புல் அறுக்க வந்த அண்ணி லட்சுமியம்மாள் பார்த்தது இதைத்தான். கரையில் கழற்றிவைத்த செருப்பு. மரத்தில் சட்டை. கிணற்றுக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் கொழுந்தன். இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஐயோ தம்பி! வேணாம் தம்பி! ரெண்டு பொட்டப்புள்ளைங்கள நெனச்சிப் பாரு!"

அவர் கண்ணைத் திறப்பதற்குள் அண்ணி தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள். கத்தல் கேட்டு, நடவில் இருந்த ஜனமெல்லாம் சேற்றுக் காலோடு ஓடிவந்தது. சீனுவாசன் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், கன்னத்தில் ஓர் அறை விட்டார். யாரோ சைக்கிளில் விழுப்புரம் போய்ச் சொல்லி, அஞ்சம்மாள் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள்.

"இன்னா கொறை வச்சேன் உங்களுக்கு? கடனா? எவகிட்டயாவது மாட்டிக்கினீங்களா? சொல்லுங்க!"

கிணற்றங்கரையில் ஊர் முழுக்க இன்னும் கலையாமல் நின்றது. சாக வந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டில் எது பெரிய அவமானம் என்று பச்சைமுத்து ஒரு நிமிஷம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"சாவறதுக்கு வர்லடி. எனக்குக் கெணறுன்னா பயம். ரெண்டு வருசமாவப் போவுது. மண்ணாங்கட்டிதான் எறங்குறான். பயத்தை வுடணும்னு குந்திப் பாக்க வந்தேன்."

நடவுக்கு வந்த ஒரு கிழவி, "அடப்பாவி, இதுக்கா எங்க நடவக் கெடுத்த?" என்றாள். கூட்டம் சிரித்தது. சிரிப்பு அவர் பயந்த அளவுக்குச் சுடவில்லை.

அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவளும் திண்டிவனம் வந்தாள். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"நீங்கதான் அந்த சாரா? என் வூட்டுக்காரரக் கெணத்துல போய்க் குந்தச் சொன்ன புண்ணியவான்?"

ராயப்பனுக்கு முகம் வெளுத்தது. "தப்புதாங்க. தனியா ஒருத்தர் கெணத்துப் படியில குந்தினா ஊர்ல என்ன நெனைப்பாங்கன்னு எனக்குத் தோணியிருக்கணும். நானும் அதே மாதிரி ஊர்லதான் பொறந்தேன். எப்படி மறந்தேன்னு தெரியல."

"படிச்சா மறந்துடும்போல" என்றாள் அஞ்சம்மாள். பிறகு உட்கார்ந்தாள். "ரெண்டு வருசமா என்கிட்டச் சொல்லல சார் இந்த ஆளு. உங்ககிட்டச் சொல்லிக்கீறாரு." அது கோபமா, அழுகையா என்று ராயப்பனுக்கும் தெரியவில்லை, பச்சைமுத்துவுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவள்தான் நிறையப் பேசினாள். ராத்திரியில் அவர் எழுந்து எழுந்து உட்கார்வதைப் பார்த்து, தன்னிடம் ஏதோ மறைக்கிறார் என்று நினைத்து, அவளும் தூங்காமல் கிடந்திருக்கிறாள். கிளம்பும்போது பச்சைமுத்து, "நீங்க சொன்ன மாதிரியே செய்யறேன் தம்பி. ஆனா செருப்பப் போட்டுக்கினே குந்துறேன்" என்றார்.

மார்கழி முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் கெடாருக்குப் போய்வந்தார்கள். அவர் படியில் உட்காருவார். அவள் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்வாள். சில நாள் நாலு படி. சில நாள் ஒரு படிக்கே வேர்த்துக்கொட்டி, ஏறி வந்துவிடுவார். "இன்னா, குளிக்காமயே நனைஞ்சிட்டீங்க?" என்பாள். மேடைவரை ஒரு நாள்கூடப் போகவில்லை.

அதற்குள் தை பிறந்துவிட்டது. மண்ணாங்கட்டி செஞ்சிக்குப் போனான். போவதற்கு முன்தினம் மண்டகப்பட்டில் சின்னக்கண்ணுவின் எரிந்த மோட்டாரைக் கழற்றி வந்து கொடுத்திருந்தான். அதற்குக் காயில் கட்டி முடித்தாயிற்று. மாட்டத்தான் ஆள் இல்லை. சின்னக்கண்ணு தினம் ஆள் அனுப்பினார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூ விட்டு நிற்கிறது, தண்ணீர் இல்லை. செஞ்சியில் புதுக்கடை திறந்த சேதி அவருக்கும் தெரியும்.

பச்சைமுத்து மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அஞ்சம்மாளை வர வேண்டாம் என்றுவிட்டார்.

வடம் கட்டினார்கள். மோட்டாரை இறக்குமுன் அதை வாங்கி உட்கார வைக்க அவர் கீழே மேடையில் இருக்க வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டி இறங்கினார். பாதிக் கிணற்றில் அது வந்தது. அதே நெஞ்சு, அதே விரல். ஒரு படிக்கல்லில் குந்தி, சுவரில் முதுகைச் சாய்த்தார். மேலே வட்டமாக வானம், அதன் ஓரத்தில் வரிசையாகத் தலைகள்.

"இன்னா மேஸ்திரி, ஏன் குந்திட்டீங்க? முட்டியா?" என்று சின்னக்கண்ணு குரல் கொடுத்தார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். தயாராக ஒரு பொய், அவர்களே கையில் கொடுக்கிறார்கள்.

"முட்டி இல்லப்பா. பயமா கீது" என்றார் பச்சைமுத்து. குரல் கிணற்றில் மோதி, அவர் நினைத்ததைவிடச் சத்தமாக மேலே போயிற்று. "எனக்குக் கெணத்துல பயம் வரும். கொஞ்ச நேரம் குந்தினா எறங்கிடும். நீங்க எல்லாம் அந்தாண்டை போங்க. எட்டிப் பாக்காதீங்க."

தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாக மறைந்தன. சின்னக்கண்ணுவின் தலை மட்டும் கடைசியாக நின்றது.

"மூணு மணிக்கு கரண்ட் போயிடும் மேஸ்திரி. அதுக்குள்ள பயந்து முடிச்சிடுங்க."

அந்தத் தலையும் போயிற்று. பச்சைமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வெளியே போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அது அடங்கும்வரை உட்கார்ந்திருக்கத்தான் நினைத்தார். ஆனால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாதி அடங்கியதும், மீதியோடு எழுந்தார். காலால் அடுத்த படிக்கல்லைத் தேடி வைத்தார். மேடையில் குந்தி, போல்ட்டுகளைக் கைக்கெட்டும் இடத்தில் வரிசையாக வைத்தார்.

"வுடுங்கப்பா மோட்டாரை" என்று கத்தினார். "மெதுவா! ஜல்தி வேணாம்!"